கோணல் மரத்தில் ஒரு வில்

ஸ்ரீராமபிரானின் உற்சவத் திருமேனிகளை உற்று நோக்கியவர்கள் அறிவார்கள்: இடத் திருக்கரம் உயர்ந்து, விரல்கள் மடங்கி, வில்லைப் பற்றுவதற்கென்றே வார்க்கப்பட்டிருக்கும். வில்லைத் தனியே செய்து சார்த்துவதே வழக்கம். அருங்காட்சியகங்களில் உள்ள பழைய செப்புத் திருமேனிகள் பலவற்றில் அந்த வில் காலப்போக்கில் தொலைந்துபோய், ஏந்திய கரம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

கோதண்டம் என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது பிசகற்ற, வழுவழுப்பான ஒரு வளைவு. வில்லுக்குரிய பொருள்களாக உலோகம், கொம்பு, மரம் என மூன்றைக் கூறுகிறது அக்கினி புராணம். உலோகத்தை விரும்பிய வடிவில் வார்த்துவிடலாம். மரம் அவ்வாறு இணங்குவதில்லை. கோணலும் கணுவும் முறுக்கும் உடைய ஒரு கட்டையில் வில்லை எவ்வாறு குறித்தெடுப்பது?

இதற்கு நல்ல விடை வைத்திருப்பவர்கள் வட அமெரிக்காவின் வில் செய்வோர். டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பகுதிகளுக்கு உரியது ஓசேஜ் ஆரஞ்சு என்னும் மரம். அப்பகுதிப் பழங்குடி மக்கள் அதில் வில் செய்வதைக் கண்ட பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு ‘வில் மரம்’ என்றே பெயர் சூட்டினர். பெயரில் ஆரஞ்சு இருந்தாலும் அது நம் பலா, ஆல், அரசு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. அறுத்துப் பார்த்தால் பலாவைப் போலவே மஞ்சள் நிறம். உறுதியில் அதை மிஞ்சுவது கடினம். நேராக வளர்வதில் மட்டும் அதற்கு விருப்பம் குறைவு.

அடிமரத்தை ரம்பத்தால் அறுப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளக்கிறார்கள். ரம்பம் தன் வழியே நேராகச் சென்று நார்களைத் துண்டித்துவிடும். ஆப்போ நார் ஓடும் வழியே பிளவைக் கொண்டுசெல்லும். பிளந்த கட்டையின் முனைகளில் வெடிப்பு விழாதபடி மெழுகோ பசையோ பூசி, நிழலில் உலர்த்துவார்கள். பின்னர் வெளிறைச் செதுக்கி நீக்கி, வைரத்தில் ஓர் ஆண்டு வளையத்தைத் தேர்ந்து, அதுவே முனை முதல் முனை வரை மேற்பரப்பாக அமையும்படி செய்வார்கள். எய்பவரை நோக்காத இந்தப் புறமே வில்லின் முதுகு. நாணை இழுக்கையில் முதுகு விரியும், வயிறு அமுங்கும். முதுகில் அந்த வளையம் ஓரிடத்தில் அறுபட்டாலும் அங்கிருந்து சிலாம்பு கிளம்பி, முழு இழுப்பில், எய்பவரின் முகத்தருகே வில் தெறித்துவிடக்கூடும். (இங்கிலாந்தின் யூ மரத்தில் முறை வேறு, அங்கே முதுகில் வெளிறையே விட்டுவைப்பார்கள். 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த 170க்கும் மேற்பட்ட விற்கள் யூ மரத்தாலானவை.)

அடுத்ததே நுட்பமான வேலை. அளவுகோலை வைத்து நேர்க்கோடு இழுத்தால் எல்லாம் கெட்டது. நார் எப்படி நெளிகிறதோ அப்படியே பென்சிலும் நெளிந்து செல்ல வேண்டும். அந்த நடுக்கோட்டின் இருபுறமும் சம அளவு விட்டு, ஒன்றரை அங்குல அகலத்தில் தொடங்கி, முனைகளில் அரை அங்குலமாகக் குறுகும்படி குறிப்பார்கள். வில்லின் ஓரங்கள் பாம்பு ஊர்வதுபோல் இருக்கும். பார்ப்பவருக்கு அவலட்சணம்; மரத்துக்கு அதுவே பாதுகாப்பு.

அப்படியானால் அம்பு நேராகச் செல்லுமா? அதற்கு வில் முழுதும் நேராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு குதைகளுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது பிடியின் மேலாகச் செல்ல வேண்டும், அவ்வளவுதான். இடையில் தண்டு எங்கு நெளிந்தாலும் குற்றமில்லை. நூல் விலகிப்போனால் பிடியின் இடத்தைச் சிறிது மாற்றிப் பார்ப்பார்கள். அதுவும் போதாவிடில் நீராவியில் வாட்டி, மெல்ல வளைத்து, ஆறும்வரை கட்டிவைப்பார்கள்.

கணு குறுக்கிட்டால் அதைச் சுற்றிச் சற்று அதிக மரம் விடப்படும். முதுகில் பள்ளமோ மேடோ இருந்தால் இழைத்துச் சமப்படுத்தக் கூடாது. வயிற்றுப் பக்கத்தையும் அதே ஏற்ற இறக்கத்தோடு செதுக்கி, கனத்தைச் சீராகக் காக்க வேண்டும். பின்பு சிறுகச் சிறுக வளைத்து, எங்கே விறைப்போ அங்கே மட்டும் சுரண்டுவார்கள். வங்கியில் எடுத்த பணத்தை மறுநாள் திரும்பக் கட்டலாம். சுரண்டிய மரத்தைத் திரும்பக் கட்ட முடியாது! ஒரு தண்டு மெலிந்துவிட்டால் மற்றதையும் மெலியச் செய்வதே வழி. வில்லின் வலிமை அந்த அளவுக்குக் குறையும்.

வேலை முடிந்த வில்லையும் நாணோடு வைத்திருப்பதில்லை. ஓயாது வளைந்திருந்தால் மரம் அந்த நிலைக்கே பழகி விசை குன்றிவிடும். ஆதலால் எய்யும்போது மட்டும் நாணேற்றி, முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். மிதிலையில் ஜனகர் ‘எய்து காட்டு’ என்று கேளாமல் நாணேற்றுவதையே பந்தயமாக வைத்ததை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வால்மீகி கூறும் அந்தச் சிவதனுசு, எட்டுச் சக்கரங்கள் கொண்ட இரும்புப் பேழையில் நாணேற்றப்படாமல் கிடந்தது. பேழையை ஐயாயிரம் பேர் இழுத்து வந்தனர். இராமபிரான் நாணேற்றி, செவிவரை இழுத்தார். வில் நடுவில் முறிந்தது.