கடிக்கத் தெரிந்தால் போதாது, விடத் தெரிய வேண்டும்

வீட்டுக்குக் காவல் நாய் வாங்கும் முன் அலிப்பூரிலிருந்து கற்க வேண்டிய பாடம்

மிருகக்காட்சி சாலையும், பெல்வெடேர் மாளிகையில் இயங்கிவந்த தேசிய நூலகமும் இருக்கும் தென் கொல்கத்தாப் பகுதி அலிப்பூர். உயர்ந்த மதில், இரும்புக் கேட், கேட்டோரம் தர்வான் என்ற வாயிற்காவலர், மரங்களுக்குப் பின்னால் பங்களா என்பதுதான் இந்த வட்டாரத்தின் பழைய முகம். இப்போது பங்களாக்களுக்கு நடுவே அடுக்குமாடிகளும் எழுந்துவிட்டன. காவலாளி இருக்கிறார், கேமரா இருக்கிறது. ஆனாலும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக வாழும் முதியவர்களுக்கு இரவானால் ஒரு கலக்கம். 'பயிற்சி கொடுத்த காவல் நாய் ஒன்று வாங்கிவிடலாமா?' என்ற யோசனை அந்தக் கலக்கத்தில்தான் பிறக்கிறது. சென்னையிலும் கோவையிலும் வசதியுள்ள குடும்பங்கள் யோசிப்பதும் இதையேதான்.

இதற்கு விடை தேடுபவர்கள் தொலைவுக்குப் போக வேண்டாம். அலிப்பூரில், ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையிலுள்ள காவலர் பயிற்சிப் பள்ளி வளாகத்தில்தான் கொல்கத்தா போலீஸின் நாய்ப் பிரிவு இருக்கிறது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற நாய்கள் அங்கே வெடிபொருள் தேடவும், குற்றவாளியின் தடம் பிடிக்கவும் பழகுகின்றன. பணம் கொடுத்துப் பாதுகாப்பு வாங்க நினைக்கும் குடும்பம், போலீஸ் நாய் எப்படி உருவாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாயும் ஆளும் சேர்ந்தே படிக்கிறார்கள்

நம் நாட்டுக் காவல் படைகளில், நாயைத் தனியாக அனுப்பிப் பயிற்சி கொடுத்துத் திரும்ப வாங்கும் வழக்கம் இல்லை. எல்லைப் பாதுகாப்புப் படை 1970-ல் குவாலியர் அருகே தெகன்பூரில் தொடங்கிய தேசிய நாய்ப் பயிற்சி மையத்திலும், நாயோடு அதைக் கையாளும் காவலரும் சேர்ந்தேதான் பயிற்சி பெறுகிறார். சீப்பு போட்டுச் சீவுவது, நடக்கக் கூட்டிப்போவது, பாதத்தில் முள் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அவருடைய குரல்தான் நாய்க்குக் கட்டளை. அவர் மாற்றலாகிப் போனால், புதியவரோடு நாய் பழகி இணைய மறுபடி காலம் பிடிக்கும்.

வீடுகளில் நடப்பது என்ன? விலை உயர்ந்த நாய் வருகிறது. சோறு வைப்பது சமையல்காரர், நடத்திக் கூட்டிப்போவது சம்பளத்துக்கு வரும் பையன், மற்ற நேரமெல்லாம் மொட்டை மாடியில் சங்கிலி. நாய் யாருக்குக் கட்டுப்படும்? தன்னோடு நேரம் செலவிட்டவருக்குத்தான். கொடுத்த விலை ரசீதில் இருக்கும். பாதுகாப்பு வீட்டில் இருக்காது.

மூன்று வகைக் காவல்

'காவல் நாய்' என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை உண்டு. அந்நியர் வந்தால் குரைத்து வீட்டை எழுப்பும் நாய் முதல் வகை. ஒரு வளாகத்தைத் தன் எல்லையாகக் கொண்டு, உள்ளே நுழைபவரைத் தானாகவே தடுக்கும் நாய் இரண்டாவது. உரிமையாளரின் கட்டளைக்குப் பாய்ந்து, கட்டளைக்கு நிற்கும் நாய் மூன்றாவது. விலையும் பொறுப்பும் படிப்படியாக ஏறுகின்றன. பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் வகையே போதும் என்பது என் உறுதியான கருத்து. திருட வருபவன் முதலில் விரும்புவது சத்தமில்லாத வீட்டைத்தான். நாய் குரைத்ததும் அந்த வசதி போய்விடுகிறது.

குரைக்க வேண்டும், தொடக் கூடாது

மூன்றாம் வகை நாய்க்கான முறையான தேர்வுகள் ஜெர்மனியில் பிறந்தன. மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ராணுவ அதிகாரி 1899-ல் ஹோராண்ட் என்ற நாயை வாங்கி, ஜெர்மன் ஷெப்பர்டு இனத்துக்கான சங்கத்தைத் தொடங்கினார். அழகைவிட வேலைத்திறனே பெரிது என்பது அவர் கொள்கை. அந்த வழியில் வளர்ந்த தேர்வு இன்று ஐஜிபி என்று அழைக்கப்படுகிறது. தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், பாதுகாப்பு என்ற மூன்று பகுதிகளுக்கும் தலா 100 மதிப்பெண்.

பாதுகாப்புப் பகுதியை எல்லோரும் கடிக்கும் தேர்வு என்று நினைக்கிறார்கள். உண்மை வேறு. மறைவிடத்தில் ஒருவர் அசையாமல் நிற்பார். நாய் அவரைக் கண்டுபிடித்து, எதிரே நின்று ஓயாமல் குரைக்க வேண்டும், தொடவே கூடாது. அவர் தப்பி ஓடினாலோ தாக்க வந்தாலோதான் கையில் மாட்டியிருக்கும் சணல் உறையைக் கவ்வலாம். 'விடு' என்றதும் விட்டுவிட வேண்டும். திரும்பத் திரும்பச் சொல்லியும் விடாத நாய், எவ்வளவு வீரமாகக் கவ்வியிருந்தாலும், போட்டியிலிருந்தே நீக்கப்படும்.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு அடித்தளம் குட்டிப் பருவத்திலேயே விழுகிறது. ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பதினான்காவது வாரம் வரை குட்டி எதையெல்லாம் பார்த்துப் பழகுகிறதோ, அதையெல்லாம் பின்னாளில் அச்சமின்றி எதிர்கொள்ளும். குழந்தைகளின் கூச்சல், குடை, சக்கர நாற்காலி, துர்கா பூஜையின் டாக் மேளம், காளி பூஜைப் பட்டாசு எல்லாம் அந்த வயதில் மெல்ல அறிமுகமாக வேண்டும். இருட்டு அறையில் அடைத்து, யாரையும் பார்க்கவிடாமல் வளர்த்தால் நாய் 'முரட்டுத்தனமாக' வரும் என்பது ஆபத்தான நம்பிக்கை. அப்படி வளர்வது பயந்த நாய். பயந்த நாய் யாரைக் கடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

யார் கடிபடுகிறார்கள்?

திருடன் வராத இரவுகளே அதிகம். ஆனால் பால்காரர், உணவு கொண்டுவரும் இளைஞர், பாத்திரம் கழுவ வரும் பெண், தோட்டக்காரர், தர்வானின் பிள்ளைகள் எல்லோரும் தினமும் அந்தக் கேட்டைக் கடக்கிறார்கள். கட்டுப்பாடற்ற நாயின் முன் முதலில் நிற்பவர்கள் இவர்கள்தான். 2024 மே மாதம் சென்னை நுங்கம்பாக்கம் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறியதில் படுகாயமடைந்த ஐந்து வயதுச் சிறுமி, அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். நம் வீட்டின் பாதுகாப்பு, உழைக்க வருபவரின் குழந்தைக்கு ஆபத்தாக முடியுமானால் அதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

2024 மார்ச் 12-ல் மத்திய அரசு, ராட்வீலர் உட்பட 23 இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதன் ஒரு பகுதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையையே ரத்து செய்தது. இனத்தைப் பற்றிய சண்டை எப்படிப் போனாலும், வளர்ப்பவரின் பொறுப்பு மாறவில்லை. வளர்ப்பு விலங்கால் மனித உயிருக்கு ஆபத்து வராமல் காக்கத் தவறினால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐந்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

மண்ணுக்கு ஏற்ற நாய்

கொல்கத்தாவின் புழுக்கத்தில் இரட்டை ரோமமுள்ள ஜெர்மன் ஷெப்பர்டு படும் பாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெயிலில் பகல் நடை முடியாது; உண்ணிக் காய்ச்சல் எப்போதும் காத்திருக்கும். இதே மேற்கு வங்கத்தில், பாரக்பூரிலுள்ள மாநில போலீஸ் அகாடமியில், காயத்தோடு மீட்கப்பட்ட ஒரு தெருக்குட்டிக்கு 'ஆஷா' என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். உயர்சாதி நாய்களோடு சரிக்குச் சமமாக அது தேறியது. நம் ஊர் ராஜபாளையம், கோம்பை நாய்கள் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தையும் வீட்டையும் காத்தவை. வெயில் அவற்றுக்குப் புதிதல்ல. ஆனால் அவற்றுக்கும் சிறு வயதிலிருந்தே பழக்கமும் ஓட இடமும் வேண்டும்; மாடிச் சங்கிலி எந்த இனத்துக்கும் ஆகாது.

தனியாக வாழும் முதியவர்களுக்கு நாயைவிட முதலில் வேண்டியது மனிதத் தொடர்பு. அதற்காகவே கொல்கத்தா போலீஸ் 'பிரணாம்' என்ற திட்டத்தை நடத்துகிறது. பெயர் பதிவு செய்த முதியவர்களோடு காவலர்கள் தொடர்பில் இருக்கிறார்கள். எழுபது வயதுக் கைகளால் முப்பத்தைந்து கிலோ நாயின் இழுப்பைத் தாங்க முடியாது. ஒரு முறை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அந்த வீட்டுக்குச் சாதுவான, குரைக்கத் தெரிந்த சிறு நாயே நல்ல துணை.

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் பயிற்சி பெற்ற நாய்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், நாய் கடிக்கும் வீடியோவைப் பார்த்து மயங்காதீர்கள். பயிற்சியாளரின் இடத்துக்குக் குடும்பத்தோடு போங்கள். ஒரு முறை அல்ல, பல வாரங்கள் போய் நாயோடு பழகுங்கள். கடைசியில் ஒரு சோதனை வையுங்கள். நாய் சணல் உறையை வெறியோடு கவ்வியிருக்கும் நேரத்தில், பயிற்சியாளர் வாய் திறக்காமல் நிற்க, உங்கள் வீட்டில் மெல்லிய குரல் உள்ளவர் 'விடு' என்று சொல்லட்டும். அது விட வேண்டும். விடாவிட்டால், எவ்வளவு உயர்ந்த சாதியானாலும், அந்த நாயை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.