தோட்டா உள்ளே போனால் போதாது

தோட்டத்துத் துப்பாக்கி – 6

காரமடையிலிருந்து மேட்டுப்பாளையம் தாண்டி சிறுமுகை வரைக்கும் பாக்குத் தோப்பும் வாழையும் கறிவேப்பிலைக் காடுமாகக் கிடக்கிற பூமியில், பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பெரும்பாலும் தாத்தா பெயரிலிருந்து அப்பா பெயருக்கும், அங்கிருந்து மகன் பெயருக்கும் மாறி வந்த இரட்டைக் குழல், பன்னிரண்டு போர். அதைக் கொண்டு எதைச் சுடலாம், எதைச் சுடக்கூடாது என்பது தனிக் கதை. 2025 ஜனவரியில் அரசு எடுத்த முடிவின்படியும், காப்புக்காட்டு எல்லைக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றியைச் சுடும் அதிகாரம் வனத்துறைக்குத்தான், தோட்டக்காரருக்கு இல்லை. ஆகவே இந்தத் துப்பாக்கிகளின் வேலை இன்று வானத்தைப் பார்த்து ஒரு வேட்டுப் போடுவதோடு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வேட்டைப் பற்றித்தான் இந்த வாரம். இன்றைக்குக் கடையில் வாங்கிய தோட்டாவை எண்பது, தொண்ணூறு வருடத்துக் குழல் தாங்குமா? நம்மவர்கள் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: தோட்டாவைப் போட்டுப் பார், குழல் மூடினால் சரி. அந்தச் சோதனை எதையுமே சொல்வதில்லை என்பதே என் வாதம்.

பன்னிரண்டு போர் என்பது வாயகலக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக உருட்டினால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ, குழலின் உள்விட்டமும் அவ்வளவு, ஏறக்குறைய 18.5 மில்லிமீட்டர். தோட்டா உட்காரும் அறையின் நீளத்தைப் பற்றி அந்தப் பன்னிரண்டு ஒன்றும் சொல்லாது. பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம். இன்றைய பேச்சில் 65 மில்லிமீட்டர். இப்போது பரவலாகக் கிடைக்கும் தோட்டா இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 70. ஐந்து மில்லிமீட்டர் நீளமான தோட்டா உள்ளே போகாதே என்று தோன்றும். போகும், கோளாறே அங்குதான். பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது சுட்ட பிறகு வாய் விரிந்து கிடக்கும் வெற்றுக்கூட்டின் நீளம். சுடாத தோட்டாவின் வாய் பூ மொக்கு மாதிரி மடித்து மூடியிருக்கும். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 6 சென்டிமீட்டரைத் தாண்டாது. வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், குழலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். வெடிக்கும்போது அந்த மடிப்பு விரிய இடம் வேண்டும். குட்டையான அறையில் அது போய் விரிவது குழல் குறுகத் தொடங்கும் கழுத்தில். மதகு வாயில் சாக்கைச் செருகிவிட்டு மேலிருந்து தண்ணீரைத் திறந்த கதைதான். ரவை மொத்தமும் அந்த நெருக்கத்தைப் பிதுங்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பின்னால் அழுத்தம் ஏறுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு மறுப்புச் சொல்வார்கள். மடிப்பு விரிவதால் மட்டும் ஏறும் அழுத்தம் அவ்வளவு பெரிதல்ல, இங்கிலாந்திலேயே 65 அறைக்கென்று 67 மில்லிமீட்டர் கூட்டில் தோட்டா விற்கிறார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியின் மேல் 65 அறைக்கு ஏற்றது என்று தயாரித்தவரே அச்சிட்டுக் கொடுக்கிறார். மருந்தையும் அதற்குத் தக்கபடி அளந்துதான் போடுகிறார். நீள அறைக்கென்று செய்த தோட்டாவுக்கு அந்த வாக்குறுதி கிடையாது. கூட்டின் நீளத்தைவிட, எந்த அறைக்கு, எந்த அழுத்தத்துக்கு அது நிரப்பப்பட்டது என்பதே முக்கியம். அந்த மறுப்பு என் வாதத்துக்குப் பலம்தான் சேர்க்கிறது.

தோட்டாவின் கணக்குப் பெட்டியில் இருக்கிறது. துப்பாக்கியின் கணக்கு எங்கே? முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிரித்தெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், அறைக்கு அடியில் தட்டையாக விரலகலத்துக்கு ஓர் இடம் தெரியும். அங்கே பொடிப் பொடியாகச் சில முத்திரைகள் இருக்கும். எண்ணெய்த் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். அதுதான் அந்தத் துப்பாக்கியின் ஜாதகம். 1637-ல் சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கமும், 1813-ல் தொடங்கிய பர்மிங்ஹாம் சோதனைச் சாலையும் வழக்கத்தைவிடப் பலமான மருந்தைக் குழலில் வெடித்துப் பார்த்து, வீக்கமோ விரிசலோ இல்லை என்று கண்ட பிறகே முத்திரை குத்தின. 1904 விதிகளுக்குப் பின் பர்மிங்ஹாமில் கிரீடத்தின் கீழ் என்.பி. என்றும், லண்டனில் வாளேந்திய கையின் கீழ் அதே என்.பி. என்றும் இருந்தால், புகையில்லா மருந்துக்குச் சோதித்த குழல் அது. 1925-க்குப் பின் அறையின் நீளமும் குழலின் உள்விட்டமும் சேர்ந்தன. 1954-க்குப் பின் வந்தவற்றில் சதுர அங்குலத்துக்கு இத்தனை டன் என்றே எழுதியிருக்கும்: இரண்டரை அங்குல அறைக்கு 3 டன், இரண்டே முக்காலுக்கு 3¼ டன். நீள வேறுபாடு பலத்தின் வேறுபாடும்தான் என்று இரும்பிலேயே பொறித்து வைத்திருக்கிறார்கள். பெல்ஜியத் துப்பாக்கியானால் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற லியேஜ் நகர முத்திரை இருக்கும். புகையில்லா மருந்துக்குச் சோதித்ததற்கு அடையாளம், சிங்கத்தின் கீழ் பி.வி.

முத்திரை சொல்வது குழலின் அன்றைய நிலையைத்தான். மலையடிவாரத்து ஈரத்தில் எண்ணெய் காணாத குழல் உள்ளே பொத்துப் பொத்தாய் அரிக்கும். தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வாரக்கணக்கில் கிடந்து திரும்பும் துப்பாக்கிக்குச் சொல்லவே வேண்டாம். துருவைப் போக்க உள்ளே தேய்த்துப் பளபளப்பாக்குகிறார்கள்; ஒவ்வொரு தேய்ப்பிலும் சுவர் மெலிகிறது. முத்திரையில் உள்ள உள்விட்டத்தைவிட அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, அதாவது கால் மில்லிமீட்டர் கூடிவிட்டாலே அந்தச் சோதனை செல்லாது என்பது ஆங்கிலேய விதி. எந்த இடத்திலும் சுவர் அரை மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், நகத்தளவு இரும்பை நம்பித்தான் இடது கையைக் கீழே கொடுத்திருக்கிறோம்.

‘எங்க அப்பாரு நாப்பது வருசம் இதுலதான் சுட்டாரு’ என்பார்கள். அவர் சுட்டது எந்தத் தோட்டா? வெடிக்காமல் தாங்கிய ஒவ்வொரு வேட்டும் குழலைப் புதிதாக்கி விடவில்லை. உரிமம் புதுப்பித்துத் தருகிறார்களே என்றால், 2019 திருத்தத்துக்குப் பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் அந்தப் புதுப்பிப்பில் பார்ப்பது ஆளையும் எண்ணையும், சுவரின் கனத்தையல்ல. வானத்தை நோக்கித்தானே சுடுகிறோம் என்றால், குழலின் வாய் எங்கே பார்த்தாலும் அறைக்குள் அழுத்தம் ஒன்றுதான். 24 கிராம் ரவை போட்ட போட்டித் தோட்டா லேசானது, அது தாங்கும் என்பதும் தவறான கணக்கு: லேசான ரவைக்கு வேகமாக எரியும் மருந்து போடுவார்கள், உச்ச அழுத்தம் அதனால் குறைந்தாக வேண்டியதில்லை. டயரில் கட்டிவைத்துக் கயிறு இழுத்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் ஆபத்து. சோதனைச் சாலை வெடித்த பிறகு குழலை அளந்து பார்க்கிறது; நாம் வெடிக்கவில்லை என்றதும் தோளில் எடுத்து வைத்துக்கொள்கிறோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அந்தச் சோதனையிலேயே விழுந்திருக்கலாம். அறையை நீளமாகக் கடைந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லும் ஆசாரி, பலம் அதிகம் வேண்டிய இடத்திலேயே இரும்பைச் சுரண்டி எடுக்கிறார்.

செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் அறையையும் குழலையும் அளக்கச் சொல்ல வேண்டும். அளவு 65 என்றால், முத்திரையும் சுவரும் சரியாக இருந்தால், அந்த அறைக்கு ஏற்றது என்று பெட்டியில் போட்ட தோட்டா மட்டும். புணே அருகே கட்கி தொழிற்சாலையின் பெட்டியானாலும் வெளிநாட்டுப் பெட்டியானாலும் அந்த வரியைப் படித்த பிறகே காசு கொடுக்க வேண்டும். முத்திரையே இல்லாத குழல், கருமருந்துக்கு மட்டும் சோதித்த குழல், இரும்பு நாடாவை முறுக்கிச் செய்த வரிவரியான டமாஸ்கஸ் குழல் இவற்றில் இன்றைய தோட்டாவைப் போடவே கூடாது. நாட்டுப்புறத்துத் தோட்டக்காரர் பழைய குழலைக் கொடுத்து மறுசோதனை முத்திரை வாங்கி வர மேட்டுப்பாளையத்தில் வழியில்லை என்பதால், சந்தேகம் வந்தால் சுடாமல் இருப்பதே இங்கே சோதனை. புதுப்பிக்கும்போது அறை நீளத்தையும் முத்திரையையும் உரிமத்தில் குறித்துத் தர வேண்டும் என்று கோவை ஆட்சியர் அலுவலகத்தில் விவசாயிகள் கேட்கலாம், கேட்க வேண்டும். அதுவரை, அளந்த எண்ணை ஒரு தாளில் எழுதி உரிமப் புத்தகத்துக்குள் மடித்து வைத்துவிட்டால், நாளை அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளப் போகும் மகனோ மகளோ கடையில் தோட்டா கேட்கும்போது அந்தத் தாள் கையில் இருக்கும்.