எலி மூத்திரமும் கறவை மாடும்
(வானொலி உரை)



தாம்பரத்துக்குத் தெற்கே வீடுகள் பெருகிவிட்டாலும் மாடு வைத்துப் பிழைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வடிந்தாலும் சேற்றில் தங்கிவிடும் ஒரு வியாதியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதுதான் எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாக் கிருமியால் வருவது.

"எலிக்கும் என் மாட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் மூத்திரத்தில் இருக்கிறது. இந்தக் கிருமி எலி, பெருச்சாளி ஆகியவற்றின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் மூத்திரம் வழியாகக் கிருமியைக் கொட்டிக்கொண்டே இருக்கும். கீரி, நரி, காட்டுப்பன்றி, மான் இவற்றுக்கும் இது தொற்றும். ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிற மாட்டுக்கும், அதில் காலில் புண்ணோடு நடக்கிற நமக்கும் வந்து சேரும். 2005 ஜூலையில் பம்பாய் வெள்ளத்துக்குப் பின் இந்தக் காய்ச்சல் பலரைத் தாக்கியது இப்படித்தான்.

மாட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது? காய்ச்சல் அடிக்கும். பால் திடீரென்று குறையும். மடி தளர்ந்து தொங்கும். பால் மஞ்சளாகவோ ரத்தம் கலந்தோ வரலாம். கன்றுக்குட்டி சிவப்பாக மூத்திரம் போகலாம். சினை மாடு, பெரும்பாலும் கடைசி மாதங்களில், கன்று வீசிவிடும். உண்ணிக் காய்ச்சலிலும் சிவப்பு மூத்திரம் உண்டு. புருசெல்லா நோயிலும் கன்று வீசும். ஆகவே நாமே முடிவு கட்டாமல் கால்நடை மருத்துவரிடம் காட்டி, ரத்தமும் மூத்திரமும் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: தேறிய மாடும் மாதக்கணக்கில் மூத்திரத்தில் கிருமியை வெளியேற்றலாம்.

வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய்க்கு எட்டக்கூடாது. பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

கொட்டகையில் செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. தரையில் சரிவு வைத்து மூத்திரம் ஓட வழி செய்யுங்கள். இந்தக் கிருமிக்கு வெயிலும் உலர்ச்சியும் ஆகாது. தரை காய்ந்தாலே பாதிக் காவல். தவிடு, பிண்ணாக்கை மூடியுள்ள தகரப் பீப்பாயில் வையுங்கள். இறைந்து கிடந்தால் எலிக்கு விருந்து. தண்ணீர்த் தொட்டியைத் தினமும் கழுவுங்கள். மழைக்குப் பின் குட்டைத் தண்ணீரை மாட்டுக்குக் காட்டாதீர்கள். வண்டலூர் காட்டோரம் மேய்க்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

கடைசியாக உங்கள் உடம்பு. சேற்றில் இறங்கினால் பூட்ஸ் போடுங்கள், புண்ணை மூடுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், "இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போய், "ஐயா, நான் மாடு வைத்திருக்கிறேன், வெள்ளத்தில் நடந்தேன்" என்று நீங்களாகவே சொல்லுங்கள். ஆரம்பத்தில் மருந்து எடுத்தால் குணமாகிற வியாதி இது. தாமதித்தால் மஞ்சள் காமாலையாகும், சிறுநீரகம் கெடும், உயிருக்கே ஆபத்தாகும்.

மாட்டைக் காப்பாற்றப் போய் வீட்டுக்காரர் படுக்கக் கூடாதல்லவா?