உருகாதிருக்க வேண்டிய நிலம்

மண்ணெண்ணெய் என்னுஞ் சொல்லைப் பிரித்து நோக்கின் வியப்பாயிருக்கும். எள்ளின் நெய் எண்ணெய். அது பின்னர் எல்லா நெய்க்கும் பொதுப்பெயராக, மண்ணினின்று வருவதும் அப்பெயரே பெற்றது. எள்ளுக்குச் செக்கு வேண்டும். மண்ணினின்று நெய் எடுத்தற்கு வேண்டுவது யாது? வடதுருவத்தை அடுத்த அலாஸ்காவிலே அதற்கு வேண்டுவனவற்றுட் பனிக்கட்டியும் ஒன்று என்றால் நம்புவார் சிலரே.

அங்கே வடசரிவு என வழங்கும் சமவெளியில், கோடைகாலத்து மேல்மண் மாத்திரம் சிறிது இளகிச் சேறாகும். அதன்கீழ் உள்ளது ஆண்டு முழுதும் உருகாத உறைமண். பிரூடோ குடாவில் அது ஏறத்தாழ 2000 அடி ஆழஞ் செல்கின்றது. 1968இல் ஆங்குப் பெரியதோர் எண்ணெய்வயல் கண்டறியப்பட்டது. எண்ணெயைத் தெற்கே வால்டீஸ் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல 800 மைல் நீளக் குழாய் அமைக்க முனைந்தபோது இடர் ஒன்று எதிர்ப்பட்டது. ஆழத்தினின்று எண்ணெய் சூடாகவே வரும். அச்சூட்டால் உறைமண் இளகினால் புதைத்த குழாய் அமிழ்ந்து முறியும். ஆதலின் குழாயின் பாதிக்கு மேற்பட்ட பகுதியைக் கால் நாட்டி நிலத்துக்கு மேலே தாங்கவைத்தனர். மண் இளகக்கூடிய இடங்களிலே அக்கால்களுள் அமோனியா அடைத்த குழல்களைச் செருகினர். மாரியில் மண்ணின் வெப்பத்தால் அமோனியா ஆவியாகி மேலேறும். உச்சியிற் குளிர்காற்றுப்பட்டு மீண்டும் நீராகி இறங்கும். இங்ஙனம் ஓயாது ஏறியிறங்கி மண்ணின் வெப்பத்தை வெளியேற்றும். இயந்திரம் வேண்டா, ஏவுவாரும் வேண்டா. இத்தகைய குழல்கள் 124,000 வரையில் உள்ளன. 1977இல் எண்ணெய் பாய்ந்தது.

சாலையும் பனிக்கட்டியே. மாரியில் நிலத்தின்மீது நீரை ஊற்றி உறையவிட்டு, அதன்மேற் பாரவண்டிகளைச் செலுத்துவர். வேனிலில் அச்சாலை உருகி மறையும். 1970களில் ஆண்டுக்கு 200 நாளுக்கு மேலாக வண்டியோட்ட இடந்தந்த அந்நிலம், முப்பது ஆண்டுகளுள் அதிற் பாதியளவே இடந்தரலாயிற்று. நிலம் வெம்மையுறுதற்கு எரிபொருட் புகையே பெருங்காரணம் என்பதை யாவரும் அறிவர்.

இந்நிலையிலேதான், 1923இல் கடற்படைக்கென ஒதுக்கப்பெற்ற எண்ணெய்க் காப்புநிலத்தில், வில்லோ என்னும் புதிய வயலைத் திறக்கக் கொனொக்கோபிலிப்ஸ் கம்பனிக்கு அமெரிக்க அரசு 2023 மார்ச்சு மாதத்தில் இசைவளித்தது. அதனின்று எடுக்கக்கூடியது ஏறக்குறைய 60 கோடி பீப்பாய் என்பது மதிப்பீடு. அவ்வயலுக்கும் மண்ணைக் குளிர்விக்குங் குழல்கள் வேண்டப்படுகின்றன. உருகும் நிலத்தை உறையவைத்து, உருகச் செய்யும் பொருளை எடுத்தல்!

அவ்வயலுக்கு அணித்தான ஊர் நுயிக்சட். 1973இல் இனுபியாக் மக்களுள் 27 குடும்பத்தார் தம் முன்னோர் நிலத்துக்கு மீண்டு, கூடாரங்களில் வதிந்து அமைத்த ஊர் அது. 2000ஆம் ஆண்டுமுதல் அதற்குச் சில மைல் தொலைவிலே வேறோர் எண்ணெய்வயலும் இயங்கிவருகின்றது. வில்லோ வந்தால் கரிபு என்னும் பனிமான் கூட்டம் விலகும், உணவு குன்றும் என்று ஊர்த்தலைமை எதிர்த்தது. வடசரிவிலுள்ள வேறு இனுபியாக் தலைவர்களோ வரவேற்றனர். பள்ளியும் மருத்துவசாலையும் எண்ணெய் வரியால் நடப்பவை என்பது அவர் வாதம். அவரை இகழ்தல் எளிது. 1990களில் யாழ்ப்பாணத்திலே மின்சாரமின்றி, ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று, சாம்போத்தல் விளக்கொளியிற் பாடம் ஆயத்தஞ்செய்த யான் அதற்கு ஒருப்படேன்.

எனினும் வடசரிவு ஊர்களில் நிலவறைகள் உண்டு. உறைமண்ணைக் குடைந்து, திமிங்கில இறைச்சியை ஆண்டு முழுதும் வைத்துண்ணும் அறைகள் அவை. அவற்றுட் சில இப்போது நீரூறி, இறைச்சி கெட்டுக் கைவிடப்படுகின்றன.