சூப்பர் ஹீரோக்கள் ஏன் மறுபடியும் பதின்ம வயதுக்குத் திரும்புகிறார்கள்?

தெம்பனிஸ் வட்டார நூலகத்துக்குப் போனால் கிராஃபிக் நாவல் அடுக்குப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். அட்டைகளில் தெரிந்த பெயர்கள்தான். ஆனால் சிலருக்கு வயது குறைந்திருக்கும்! பறக்கத் தெரியும், ஆனால் இரவு வெளியே போக அம்மாவிடம் அனுமதி கேட்க வேண்டும். வில்லனை அடித்துவிட்டு வந்து வீட்டுப்பாடம் செய்ய வேண்டும்.

பழைய நாயகர்களை ஏன் இப்படி இளசாக்குகிறார்கள்? வெறும் வியாபாரமா? அதற்கு மேல் ஏதாவது இருக்கிறதா?

இது புதுசா?

இல்லை. 1938இல் அறிமுகமான சூப்பர்மேனுக்கே 1940களில் 'சூப்பர்பாய்' என்ற சிறுவயதுக் கதைகள் வந்துவிட்டன. ஆனால் அந்தக் காலத்துப் பதின்ம வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் துணைப் பாத்திரங்கள்தான். பேட்மேனுக்கு ராபின் இருந்ததைப் போல.

1962இல் ஸ்பைடர்மேன் அதை மாற்றினார். பள்ளியில் படிக்கும் பீட்டர் பார்க்கர் யாருக்கும் எடுபிடி இல்லை, கதையின் நாயகனே அவர்தான். பணத் தட்டுப்பாடு, கேலி, குற்ற உணர்வு எல்லாம் அவருக்கும் இருந்தது. வாசகர்கள் தங்களையே பார்த்தார்கள்.

முகமே காட்டாத நாயகன்

இனி நம் ஊர்த் தொடர்புக்கு வருவோம்.

1944இல் அமெரிக்காவில் 'பிளேசிங் காமிக்ஸ்' என்ற இதழில் 'கிரீன் டர்ட்டில்' என்ற நாயகன் வந்தான். அதாவது, பச்சை ஆமை. வரைந்தவர் சூ ஹிங் என்ற சீன அமெரிக்கர். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துச் சீனர்களுக்காகப் போராடும் நாயகன் அவன்.

ஆனால் அவன் முகம் சரியாகத் தெரியவே தெரியாது. ஒன்று, முதுகைக் காட்டி நிற்பான். இல்லையென்றால் கையோ மேலங்கியோ முகத்தை மறைக்கும். அவன் எப்படி நாயகன் ஆனான் என்று துணைக்கு இருக்கும் சிறுவன் கேட்கும்போதெல்லாம் ஏதாவது ஒரு தடங்கல் வந்துவிடும்.

ஏன் இப்படி? சூ ஹிங் தன் நாயகனைச் சீனராகக் காட்ட விரும்பினார், பதிப்பாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்று ஒரு பேச்சு உண்டு. அதனால்தான் முகத்தையே மறைத்தாராம். உறுதியான ஆதாரம் இல்லாத கதைதான். ஆனால் அந்தப் பக்கங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

கிரீன் டர்ட்டில் 5 இதழ்களோடு மறைந்துபோனான்.

அவனை 70 ஆண்டுக்குப் பிறகு மீட்டெடுத்தவர்கள் இருவர். எழுதியவர் அமெரிக்காவின் ஜீன் லுவன் யாங். வரைந்தவர் மலேசியாவில் பிறந்து, சிங்கப்பூரில் வசிக்கும் சானி லியூ. 2014இல் வெளிவந்த அந்த நூலின் பெயர் 'தி ஷேடோ ஹீரோ'.

சூ ஹிங் சொல்லாமல் விட்ட முன்கதையை இவர்கள் சொன்னார்கள். நாயகன் ஹாங்க், பதின்ம வயது முடியும் தறுவாயில் இருக்கும் பையன். சைனாடவுனில் அப்பாவின் மளிகைக் கடையைப் பார்த்துக்கொண்டால் போதும் என்பதே அவன் ஆசை. ஆனால் அம்மா விடுவதாக இல்லை. 'நீ சூப்பர் ஹீரோ ஆகணும்' என்று அவரே உடை தைத்துக் கொடுக்கிறார்!

'நீ டாக்டர் ஆகணும், இஞ்சினியர் ஆகணும்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த அம்மாவை நன்றாகவே தெரியும், இல்லையா?

ஏன் பதின்ம வயது?

மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, நுழைவாசல். 80 ஆண்டுக் கதையைப் படித்துவிட்டு வா என்று சொன்னால் யார் வருவார்கள்? நாயகனின் இளமையிலிருந்து தொடங்கினால் புதிய வாசகரும் உள்ளே வரலாம். பதிப்பகங்களுக்கும் அது லாபம்.

இரண்டாவது, இரட்டை வாழ்க்கை. முகமூடிக்கு முன் ஒருவர், பின் ஒருவர். வீட்டில் தமிழ், வகுப்பில் ஆங்கிலம், நண்பர்களிடம் சிங்லிஷ் என்று ஒரே நாளில் மூன்று ஆளாக இருக்கும் உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது, பழைய பிழையைத் திருத்தும் வாய்ப்பு. அன்று யாருக்கு முகம் மறுக்கப்பட்டதோ, அவர்களுக்கு இன்று முகம் கொடுக்கலாம்.

பெயரை மட்டும் மாற்றினால் போதுமா?

2004இல் 'ஸ்பைடர்மேன்: இந்தியா' வந்தது. பீட்டர் பார்க்கர், பவித்ர் பிரபாகர் ஆனார். மேரி ஜேன், மீரா ஜெயின் ஆனார். மும்பையில் வேட்டி கட்டிய ஸ்பைடர்மேன்! பார்க்கப் புதுமையாக இருந்தது. ஆனால் கதையின் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதே. 2023இல் 'அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில் அதே பவித்ருக்குச் சொந்தமாக ஒரு குறும்பும் வாயாடித்தனமும் வந்த பிறகுதான் பலருக்கும் அவரைத் தெரிந்தது.

2014இல் தனித் தொடராக வந்த 'மிஸ் மார்வெல்' வேறு வழியில் போனது. கமலா கான் நியூ ஜெர்சியில் வாழும் பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண். சக்தி கிடைத்ததும் அவர் முதலில் யாராக மாறுகிறார் தெரியுமா? தான் ஆராதிக்கும் பொன்னிற முடிகொண்ட வெள்ளைக்கார நாயகியாக. ஆனால் அந்த உடலில் அவரால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. தானாகவே இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்வதுதான் கதை. முதல் தொகுப்பு 2015இல் ஹியூகோ விருதை வென்றது.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: ஒன்று உடையை மாற்றியது. மற்றொன்று நாயகியின் பிரச்சினையையே மாற்றியது.

சரி, இதெல்லாம் நமக்கு எதுக்கு?

உங்கள் அப்பாவிடமோ தாத்தாவிடமோ 'இரும்புக்கை மாயாவி' பற்றிக் கேட்டுப் பாருங்கள். முகம் மலர்ந்துவிடும். 1972இல் முத்து காமிக்ஸ் தமிழில் கொண்டுவந்த அந்த நாயகன் நன்றாகத் தமிழ் பேசினார். ஆனால் அவர் பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவர். ரசித்தோம், நம்மவராகவே நினைத்தோம். ஆனாலும் அவர் வீட்டில் நம் வீட்டுச் சண்டை எதுவும் நடந்ததில்லை.

நம் வீட்டுச் சண்டையை யாராவது வரைய வேண்டாமா?

வரைய நினைப்பவர்கள் இந்த மூன்று கேள்வியிலிருந்து தொடங்கலாம்:

• உங்கள் நாயகர் வீட்டில் எதை மறைக்கிறார்? பள்ளியில் எதை மறைக்கிறார்?

• அவருடைய அம்மா அப்பாவுக்கு அவரிடம் என்ன எதிர்பார்ப்பு?

• தெம்பனிஸ் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும் கதையை நியூயார்க்குக்கு மாற்றினால் ஏதாவது கெட்டுப்போகுமா? கெட்டுப்போகாது என்றால் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.

சூ ஹிங்கால் தன் நாயகனின் முகத்தைத் திருப்பிக் காட்ட முடியவில்லை. அதைச் செய்ய இன்னொரு தலைமுறை வரவேண்டியிருந்தது. உங்கள் கையில் பென்சில் இருக்கிறது. யாருடைய முகத்தை நம் பக்கம் திருப்பப் போகிறீர்கள்?