சொந்தத் தொழில் செய்பவருக்கு யார் காப்பு?

தனியார் மருத்துவமனையில் அட்மிஷன் போடும் கவுன்டரில் வரும் முதல் கேள்வி, “இன்சூரன்ஸா, கேஷா?” அரசு ஊழியரிடம் அதற்குப் பதில் இருக்கிறது. கம்பெனியில் வேலை பார்ப்பவர் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். ஈரோட்டில் ஜாப் ஒர்க்குக்குத் தறி ஓட்டுபவர், தாம்பரத்தில் வீடு வீடாகப் போய் ஏ.சி. பழுதுபார்ப்பவர், மதுரையில் கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர், வீட்டிலேயே டியூஷன் நடத்தும் பெண் ஆகியோரில் பலரும் “கேஷ்” என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பணம் மனைவியின் நகையை அடகு வைத்து வருகிறது, வட்டிக்கு வாங்கி வருகிறது, சில நேரம் தொழிலுக்கான மிஷினையே விற்று வருகிறது. நோயாளி குணமாகி வீடு திரும்பும்போது தொழில் படுத்துக்கிடக்கிறது.

இது அவர்களின் அலட்சியத்தால் மட்டும் நேர்வதல்ல. நம் நாட்டின் மருத்துவக் காப்பீடு இரண்டு கரைகளில் கட்டப்பட்டிருக்கிறது. ஒரு கரையில் சம்பளக்காரர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. அதில் தொழிலாளி 0.75 சதவீதம் கொடுத்தால், முதலாளி 3.25 சதவீதம் கொடுக்கிறார். அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் பலருக்குக் கம்பெனியே குழுக் காப்பீடு எடுத்துக் கொடுக்கிறது. மறு கரையில், அரசின் இலவசக் காப்பீடு பெறும் ஏழைக் குடும்பங்கள். நடுவில் நிற்கும் மக்களைப் பற்றி நிதி ஆயோக் 2021 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டில் குறைந்தது 30 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 40 கோடிப் பேருக்கு, மருத்துவச் செலவிலிருந்து எந்தப் பாதுகாப்பும் இல்லை என்றது அது. சொந்தத் தொழில் செய்பவர்களில் பெரும்பகுதியினர் இந்த நடுவில்தான் இருக்கிறார்கள்.

கம்பெனி தன் ஊழியருக்காகச் செய்யும் வேலையை இவர்கள் தங்களுக்குத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. செய்ய முடியும். வரிசையாகச் செய்தால் செலவும் கைக்குள் அடங்கும்.

முதலில் அரசு அட்டை

பணம் கொடுத்து பாலிசி வாங்கும் முன் இலவசமாகக் கிடைக்கக்கூடியதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக விரிந்த திட்டம், பின்னர் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, அரசு மருத்துவமனைகளிலும் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெறலாம். குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் விண்ணப்பிக்கலாம். சந்தேகங்களுக்கு 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. சிறு தொழில் செய்பவர்களில் பலர், “நமக்கெல்லாம் கொடுக்க மாட்டாங்க” என்று கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். தகுதி இருந்தால் நோய் வரும்வரை காத்திராமல் இன்றே வாங்கி வையுங்கள். சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வருமான வரம்பே கிடையாது. பைக்கில் அலைந்து தொழில் செய்யும் குடும்பங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அடித்தளமும் மேல்தளமும்

1,20,000 ரூபாய் என்பது மாதம் 10,000. அதற்குக் கொஞ்சம் மேலே சம்பாதித்தாலும் அரசு அட்டை கிடையாது, பாலிசிதான் வழி. முதன்முதலாக வாங்குபவர் ‘ஆரோக்ய சஞ்சீவனி’யிலிருந்து தேடத் தொடங்குவது நல்லது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஏப்ரலில் கொண்டுவந்த பாலிசி இது. எந்த நிறுவனத்தில் வாங்கினாலும் அடிப்படைச் சலுகைகளும் நிபந்தனைகளும் ஒன்றே, பிரீமியம்தான் வேறுபடும். அதனால் சிறிய எழுத்துகளில் சிக்காமல் விலையை நேருக்கு நேர் ஒப்பிடலாம். சித்த மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றாலும் இதில் இடமுண்டு. ஒவ்வொரு க்ளைமிலும் 5 சதவீதம் நம் கையிலிருந்து போகும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

5 லட்ச ரூபாய் பாலிசி போதாதே என்று தோன்றும். இருதய அறுவை சிகிச்சைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் போதாமல் போகலாம். அதற்காக 20 லட்சத்துக்கு ஒரே பாலிசி எடுத்தால் பிரீமியம் மிரட்டும். அடியில் 5 லட்சத்துக்கு ஒரு பாலிசி, அதற்கு மேல் ஒரு ‘சூப்பர் டாப்-அப்’ என்று அமைத்தால் பொதுவாகச் செலவு குறையும். முதல் 5 லட்சத்தை அடித்தளப் பாலிசி பார்த்துக்கொள்ளும். அதைத் தாண்டும்போதுதான் மேல்தளம் கைகொடுக்கும் என்பதால் அதன் விலை குறைவு. சாதாரண டாப்-அப் வேறு, சூப்பர் டாப்-அப் வேறு. 5 லட்சத்துக்கு மேல் தரும் சாதாரண டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே ஆண்டில் 4 லட்சம், 4 லட்சம் என்று இருமுறை செலவானால் அது ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் இரண்டையும் கூட்டி 8 லட்சமாகக் கணக்கிட்டு, 5 லட்சத்துக்கு மேற்பட்ட 3 லட்சத்தைத் தரும்.

பெற்றோரை உங்கள் குடும்ப ஃப்ளோட்டரில், அதாவது குடும்பம் முழுவதற்குமான ஒரே பாலிசியில், சேர்க்காதீர்கள். ஃப்ளோட்டரின் பிரீமியம் வீட்டிலேயே மூத்தவரின் வயதை ஒட்டி ஏறும். அப்பா அம்மாவுக்குத் தனிப் பாலிசி எடுத்தால், உங்களுக்கும் பிள்ளைகளுக்குமான கட்டணம் உங்கள் வயதுக்கு ஏற்றபடி நிற்கும்.

குறைந்த பிரீமியம் எங்கே கடிக்கும்?

பிரீமியத்தைக் குறைத்துக் காட்டும் பாலிசிகளில் முதலில் பார்க்க வேண்டியது ரூம் வாடகை உச்சவரம்பு. 3 லட்ச ரூபாய் பாலிசியில் வாடகை வரம்பு ஒரு சதவீதம் என்றால் நாளுக்கு 3,000. நீங்கள் 6,000 ரூபாய் அறையில் தங்கினால் வித்தியாசத்தோடு போகாது. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் போன்றவற்றிலும் பாதியைத்தான் காப்பீடு தரக்கூடும். மருந்து, பரிசோதனை, ஸ்டென்ட் போன்ற உள்வைப்புகளில் இந்த வெட்டு கூடாது என்று விதி இருக்கிறது. அப்படியிருந்தும் கையிலிருந்து போகும் தொகை பெரிது. படுக்கும் முன்பே உங்கள் பாலிசி எந்த அறையை அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல செய்தியும் உண்டு. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள் 80டி பிரிவில் தங்கள் குடும்பத்துக்கு 25,000 ரூபாய், மூத்த குடிமக்களான பெற்றோருக்கு 50,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியிருக்கக் கூடாது. வருமானம் சீராக வராதவர்கள் மாதத் தவணை உள்ள பாலிசியைக் கேட்டு வாங்கலாம். மாதத் தவணைக்கு 15 நாள், ஆண்டுக் கட்டணத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதையும் தாண்டிப் பாலிசி அறுந்துவிட்டால், பழைய நோய்களுக்குக் காப்பு கிடைக்க இத்தனை வருடம் காத்திருந்ததெல்லாம் வீணாகிவிடும்.

சர்க்கரையை மறைக்காதீர்கள்

“சர்க்கரை இருக்குன்னு போட்டா பிரீமியம் ஏறிடும் சார், விட்டுடுங்க” என்று சில ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். கேட்காதீர்கள். க்ளைம் போகும் நாளில் உங்கள் பழைய மருந்துச் சீட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியும் பேசும். அன்று அந்த ஏஜென்ட் வரமாட்டார். ப்ரொபோசல் ஃபார்மில் கையெழுத்து உங்களுடையது. ஃபார்மை நீங்களே வாசித்து, சர்க்கரை, பிரஷர், தைராய்டு, பழைய ஆபரேஷன் எல்லாவற்றையும் எழுதுங்கள்.

முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024-ல் நான்கு ஆண்டிலிருந்து அதிகபட்சம் மூன்று ஆண்டாகக் குறைக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகள் விடாமல் பாலிசியைத் தொடர்ந்தால், அதன் பிறகு மோசடி என்று நிரூபித்தாலொழிய, எதையோ சொல்லவில்லை என்று காரணம் காட்டி க்ளைமை மறுக்க முடியாது; முன்பு இது எட்டு ஆண்டு. கம்பெனிக் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் பணம் கிடைக்கும். நமக்குக் கிடைக்காது. அதனால்தான் உடம்பு நன்றாக இருக்கும்போதே, முப்பது வயதிலேயே, சின்னத் தொகைக்காவது தொடங்கிவிட வேண்டும் என்கிறோம்.

பாலிசி கைக்கு வந்தபின் பிடிக்கவில்லை என்றால் 30 நாளில் திருப்பிக் கொடுக்கலாம். நிறுவனம் சரியில்லை என்றால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பாக விண்ணப்பித்து வேறு நிறுவனத்துக்கு மாறலாம். காத்திருந்த காலம் கூடவே வரும். க்ளைமை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

பணம் கட்டிச் சேர ஒரு வாசல்

இவ்வளவும் தனிமனிதர் செய்யக்கூடியவை. மாதம் 15,000 ரூபாயில் நால்வர் வாழும் வீட்டில் எவ்வளவு சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தாலும் பிரீமியம் பாரம்தான். அங்கே அரசுதான் வழி செய்ய வேண்டும். ராஜஸ்தான் 2021-ல் தொடங்கிய சிரஞ்சீவி திட்டத்தில், இலவசப் பிரிவில் வராத குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டிச் சேர வழி செய்தது. கர்நாடகம் 2003-லேயே யஷஸ்வினி திட்டத்தின் மூலம் கூட்டுறவுச் சங்க விவசாயிகளைச் சிறு சந்தாவில் சேர்த்துக் காட்டியது.

தமிழ்நாட்டிடம் மருத்துவமனைப் பட்டியல், ஒப்புக்கொண்ட கட்டணம், பதினைந்து ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் எல்லாம் இருக்கின்றன. வருமான வரம்பைத் தாண்டியவர்கள் நியாயமான சந்தா கட்டி முதலமைச்சர் திட்டத்தில் சேரலாம் என்று ஒரு வாசலைத் திறக்க இவை போதும். தறி ஓட்டுபவரும் தையல் மிஷின் மிதிப்பவரும் இனாம் கேட்கவில்லை. தங்கள் பங்கைக் கட்டத் தயாராக இருக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ள அரசு முன்வர வேண்டும். வணிகர் சங்கங்களும் கைத்தொழில் சங்கங்களும் கடை வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் மனு கொடுப்பதுபோல் இந்தக் கோரிக்கையையும் மனுவில் எழுதிக் கொடுக்கட்டும்.