ஆயரைத் தேர்ந்தெடுப்பது யார்?

திருவண்ணாமலை மாவட்டக் கத்தோலிக்கர்கள் வேலூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். 2020 மார்ச்சில் ஆயர் சௌந்தரராஜ் பெரியநாயகம் காலமானார். அதன்பின் இரண்டரை ஆண்டுக்கும் மேலாக ஆயர் பதவி காலியாகவே இருந்தது. 2022 டிசம்பரில்தான் அம்புரோஸ் பிச்சைமுத்துவை நியமித்து ரோமிலிருந்து அறிவிப்பு வந்தது. டில்லியிலுள்ள திருத்தந்தையின் தூதரகம் ரகசியமாகச் சிலரிடம் கருத்துக் கேட்டு ரோமுக்கு எழுதும்; முடிவு திருத்தந்தையுடையது. பங்கு மக்களுக்கு ஓட்டு கிடையாது.

கேரளத்தை மையமாகக் கொண்ட மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையில் வழக்கம் வேறு. 2021 ஜூலையில் அதன் தலைவரான காதோலிக்கா பாவா மறைந்தார். அக்டோபர் 14 அன்று பருமலையில் கூடிய மலங்கரை அசோசியேஷன், ஆயர்கள் மன்றம் முன்மொழிந்தவரைத் தேர்ந்தெடுத்தது. பங்குகளிலிருந்து வரும் குருக்களும் பொதுநிலையினரும் அந்த அவையின் உறுப்பினர்கள். ஆயர்களைத் தேர்ந்தெடுப்பதும் அவர்கள்தான். 451ஆம் ஆண்டுக் கல்சதோன் சங்கத்தை ஏற்காத சபைக் குடும்பம் இது. 1054இல் ரோமோடு முறிந்த கிரேக்க, ரஷ்ய சபைகள் வேறு. ஆனால் எல்லாருக்கும் மேலே ஒரு போப் என்பதை இந்த இரு சபைக் குடும்பங்களும் ஏற்பதில்லை.

ரோமுக்கும் மலங்கரைக்கும் இடையிலான இந்த வேறுபாடு மறைப்பணியிலும் தெரிகிறது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டுக்குப் போனால் லூர்து மாதா ஆலயத்தைப் பார்க்கலாம். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையின் தாராஸ் சாமியார் இங்கே ஊன்றியது அந்தப் பங்கு. 1876–78 தாது வருடப் பஞ்சத்தை ஒட்டி வட ஆற்காட்டுக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான ஏழைகள் திருமுழுக்குப் பெற்றார்கள். பிரான்சிலிருந்து ஒருவரை இந்தக் கரிசல், செம்மண் ஊர்களுக்கு அனுப்பி, ஆயுள் முழுக்க இங்கேயே இருக்க வைக்க உலகம் தழுவிய ஒரே நிர்வாகத்தால்தான் முடிந்தது என்பது என் கணிப்பு. மலங்கரைச் சபையோ, பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் போன மலையாளிகளைத் தொடர்ந்தே பெரும்பாலும் தமிழ்நாட்டுக்கு வந்தது.

மக்கள் வாக்கு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. அந்தியோக்கியா மறைமுதுவரின் அதிகாரம் எதுவரை என்ற தகராறில், ஒரே மரபிலிருந்து பிரிந்த ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயப் பிரிவினர் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படியேறுகிறார்கள். மலங்கரைச் சபையின் 1934 சட்டமே செல்லும் என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தும் தேவாலய வாசல்களில் மோதல் ஓயவில்லை. பூட்டிய கோயிலுக்கு வெளியே ஒரே குடும்பத்தார் நிற்பதைப் பார்ப்பது வேதனை.

மறைப்பணிக்கு இன்னொரு வடிவமும் உண்டு: ஆர்த்தடாக்ஸ் மரபில் துறவியின் தனிமைச் செபமும் மறைப்பணியாகவே மதிக்கப்படுகிறது. 1950களில் திருவண்ணாமலையின் அருணாசல மலைக் குகைகளில் தங்கிய பெனடிக்ட் சபைத் துறவி அபிஷிக்தானந்தாவிடம் அந்தச் சாயலைப் பார்க்கிறேன். அவர் கத்தோலிக்கர், 1950இல் குளித்தலை அருகே சாந்திவனம் ஆசிரமத்தைத் தொடங்கியதும் ஆயரின் அனுமதியோடுதான்.

மேலிருந்து வரும் நியமனம் மட்டுமே போதாது என்பது ரோமிலும் இப்போது பேச்சு. 2023 அக்டோபரில் ஆயர்கள் மாமன்றத்தில் பொதுநிலைப் பெண்களும் ஆண்களும் முதன்முறையாக வாக்களித்தார்கள். ஆயரைத் தேர்வதில் இறைமக்களின் குரலுக்கு இன்னும் இடம் வேண்டும் என்று 2024 இறுதி ஆவணம் கேட்கிறது.